சம்பந்தி செய்து அனுப்பிய சக்கரம்

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கல்யாணத்துக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் முப்பது வருஷம் ரப்பர் அரைக்கும் மெஷின் பக்கத்தில் நின்று உங்கள் காது மந்தமாகிவிட்டது, போனில் எதைக் கேட்டாலும் "சரி சரி" என்றுதான் சொல்வீர்கள் என்று உங்கள் பெண் சொன்னாள். எனக்குச் "சரி சரி" வேண்டாம், பதில் வேண்டும்.

நான் கத்தி செய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். பெல்ட் கிரைண்டர் என்று ஒரு மெஷினில் செய்கிறேன். எமரித் தாளால் ஆன நீளமான பெல்ட், சில சக்கரங்களின் மேல் வேகமாக ஓடும். முன்னால் இருக்கும் பெரிய சக்கரத்துக்குக் காண்டாக்ட் வீல் என்று பெயர். அலுமினியச் சக்கரம், சுற்றிலும் ரப்பர். அதன்மேல் ஓடும் பெல்ட்டில்தான் கத்தியை வைத்துத் தேய்ப்பேன். சக்கரத்தின் வளைவு அப்படியே கத்தியின் பக்கத்தில் உட்குழிவாக இறங்கும். அந்தக் குழிவு கோணினால் கத்தி போயிற்று.

என் சக்கரம் எட்டு அங்குலம். ரப்பர் வெடித்து, ஓரிடம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் தட்தட்டென்று கையில் இடிக்கிறது. போன வருஷம் படியில் விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேனே, இடி நேராக அங்கேதான் போய்ச் சேர்கிறது. சமையல் கல்லூரி ஒன்று எலும்பு நீக்கும் கத்தி பதினாறு கேட்டிருக்கிறது. ஜூன் இருபதுக்குள் கொடுக்க வேண்டும். "இதை முடிக்க முடியலேன்னா மெஷினை வித்துடும்மா, கை முக்கியம்" என்கிறான் மகன். அவன் சொல்வதில் தப்பில்லை. நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாங்க ஆசைப்படும் ஒருவர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டும் போயிருக்கிறார். அவர் போனதும் அவர் தொட்ட இடத்தைத் துணியால் துடைத்துவைத்தேன்.

ஆகவே புதுச் சக்கரம். கடைக்காரர் மூன்று வகை சொல்கிறார். பத்து அங்குலத்தில் ரப்பரில் பல் வெட்டியது, பன்னிரண்டில் வழவழப்பானது, அப்புறம் பதினாலு. ரப்பரும் மிருதுவிலிருந்து கெட்டி வரை பல விதமாம். ரப்பரோடு வாழ்கிறவர் நீங்கள். எதை வாங்கட்டும்?

இப்படிக்கு,
சம்பந்தியம்மா

பிப்ரவரி 20

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை தொழிற்சாலைக்கே எடுத்துப் போய் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "என் பொண்ணோட மாமியார். கத்தி செய்யறவங்க. எங்கிட்ட யோசனை கேக்கிறாங்க" என்று சொல்லும்போது எனக்கு வாயெல்லாம் பல்.

சம்பந்தம் பேச முதன்முதலில் வந்தபோது தங்கள் பட்டறை வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றது தங்களுக்குத் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தீர்கள். மூச்சை அடக்கி, முழங்கையை விலாவில் ஒட்டவைத்து, கத்தியை ஒரே இழுப்பாகப் பெல்ட்டின் குறுக்கே இழுத்தீர்கள். கை நகரவே இல்லை, உடம்புதான் நகர்ந்தது. நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்: "பொண்ணைத் தைரியமா கொடுக்கலாம். அந்த அம்மா அவசரப்படறவங்க இல்ல."

சக்கரத்தைக் கடையில் வாங்குவதா? நான் எதற்கு இருக்கிறேன்? எங்கள் தொழிற்சாலையில் அச்சு இயந்திரங்களுக்கு ரப்பர் உருளை செய்கிறோம். உருளைக்கும் சக்கரத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? தாங்கள் அளவை மட்டும் சொல்லுங்கள். ரப்பரை நல்ல மிருதுவாகவே வைத்துவிடுகிறேன். காகிதத்தை நோகாமல் தொடுவதுதான் நல்ல உருளைக்கு அழகு. தங்கள் மணிக்கட்டுக்கும் மெத்தென்று இருக்கும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

மார்ச் 2

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் இவ்வளவு சிரமப்படுவீர்கள் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

பதினாலு அங்குலம் என் மெஷினின் அடித்தகட்டில் இடிக்கும். பல் வெட்டியது வேகமாகத் தேய்க்கும், ஆனால் அதிரும், என் கை தாங்காது. ஆகப் பன்னிரண்டு அங்குலம், வழவழப்பு. சக்கரம் பெரிதானால் குழிவு ஆழம் குறையும், கத்தி நழுவாமல் உட்காரும், கைக்கு அலைச்சல் மிச்சம். பெல்ட்டின் அகலம் இரண்டு அங்குலம். நடுத்துளையின் அளவைக் காகிதத்தில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கத்தி செய்கிறவர்கள் ரப்பரைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. ஆனால் அது உங்கள் தொழில், நான் மூக்கை நுழைக்கக் கூடாது. நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

சம்பந்தியம்மா

மார்ச் 26

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சக்கரம் இன்று பார்சலில் கிளம்புகிறது. நானே ரப்பர் சுற்றி, ரப்பர் இறுகுவதற்காக நீராவித் தொட்டியில் நானே வேகவைத்து, லேத்தில் நானே கடைந்தேன். யாரையும் தொடவிடவில்லை.

எங்களிடம் ஊசி வைத்த சின்ன மீட்டர் ஒன்று உண்டு. ரப்பரில் அழுத்தினால் எண் காட்டும். எண் ஏற ஏற ரப்பர் கெட்டி என்று அர்த்தம். தங்கள் சக்கரம் நாற்பது. குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரி தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல கத்தி தேய்ப்பாங்களா, இல்ல தலைக்கு வெச்சுத் தூங்குவாங்களா?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

சம்பந்தி

ஏப்ரல் 6

அன்பும் பண்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் பொற்கரங்களால் செய்த சக்கரம் வந்து சேர்ந்தது. அதன் அழகைச் சொல்ல வார்த்தைகள் இல்லை. மிக மிக அருமையாக ஓடுகிறது. இதைவிடச் சிறந்த சக்கரம் எங்கும் கிடைக்காது. தங்கள் உதவியை என்றும் மறவோம். தங்கள் மகள் நலம், என் மகன் நலம். அனைவரும் நலம்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தியம்மா

ஏப்ரல் 17

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டிவிட்டேன். முதலாளியே நின்று படித்தார்.

ஒரு சின்ன விண்ணப்பம். அந்தச் சக்கரத்தில் தேய்த்த கத்தி ஒன்றை அனுப்பி வைக்க முடியுமா? நான் செய்த உருளை எத்தனையோ அச்சகங்களில் ஓடுகிறது. அதில் அச்சானதைப் பார்த்து "இது என் உருளை" என்று ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. கத்தியில் என் சக்கரத்தின் வளைவே இருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசை.

சம்பந்தி

மே 3

சம்பந்தி அவர்களுக்கு,

கேட்ட கத்தி இத்துடன். ஆர்டருக்கு வெட்டியதில் கூடுதலாக வந்த ஒன்று. தாமதத்துக்கு மன்னிக்கவும், கை கொஞ்சம் வலி.

சம்பந்தியம்மா

மே 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கத்தி வந்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகத் தேய்த்த இரும்பை நான் பார்த்ததில்லை. பிடிக்கு முன்னால் குழிவு தொடங்கும் கோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் நிற்கிறது. லேத்தில் கட்டிக் கடைந்தாலும் எங்களுக்கு இப்படி வராது. தாங்கள் கையில் பிடித்துச் செய்திருக்கிறீர்கள்.

பெருமை தலைக்கேறி நான் ஒரு காரியம் செய்தேன். டின் தகட்டில் பன்னிரண்டு அங்குல வட்டத்தின் வளைவை வெட்டி, என் சக்கரம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று எல்லாருக்கும் காட்டலாம் என்று கத்தியின் குழிவில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தகட்டைத் தப்பாக வெட்டிவிட்டேன் என்று மறுபடி வெட்டினேன். மறுபடியும் வெளிச்சம். கடைசியில் எட்டு அங்குலத்துக்கு வெட்டி வைத்தேன். ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

இது என் சக்கரத்தில் தேய்த்த கத்தி இல்லை. தங்கள் பழைய சக்கரத்தில், அந்தத் தட்தட்டில், உடைந்த கையோடு தேய்த்தது. நான் ஆசைப்பட்டுக் கேட்டேன் என்பதற்காக.

அறிவிப்புப் பலகையிலிருந்து கடிதத்தை எடுத்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்தபோதே என் வீட்டுக்காரி, "பொற்கரமா? இது அவங்க எழுதின மாதிரி இல்லையே" என்றாள். நான்தான் அவளை வாயை மூடச் சொன்னேன்.

என் சக்கரத்தில் என்ன கோளாறு? தயவுசெய்து எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

சம்பந்தி

மே 17

சம்பந்தி அவர்களுக்கு,

குட்டு வெளிப்பட்டுவிட்டது. கத்தியைப் பார்த்து எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்கும் ஆளிடம் பொய் சொல்ல நினைத்தது என் புத்திகெட்டதனம். வெட்கமாக இருக்கிறது. அதைவிட, இத்தனை வருஷத்தில் என் குழிவை அளந்து பார்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்பதில் சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் நிஜம்.

ஏன் சொல்லவில்லை என்று எழுதுகிறேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் அப்பா எதைக் கொண்டுவந்தாலும் என் மாமியார் குறை சொல்லாமல் வாங்கியதில்லை. துணி என்றால் சாயம் போகும், பாத்திரம் என்றால் கனம் போதாது. அப்பா வாசலிலேயே நின்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். எனக்கு மருமகள் வந்தால் அவள் அப்பா கொண்டுவருவதை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை என்று அப்போதே முடிவு கட்டினேன். நீங்கள் சக்கரத்தை அனுப்பினீர்கள். மாட்டி ஒரு கத்தியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. கழற்றிவிட்டு, நெஞ்சில் வந்ததை மென்று விழுங்கி, அந்தக் கடிதத்தை எழுதினேன். உங்கள் பெண் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அத்தை, அப்பாவுக்கு உண்மைய எழுதிடுங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

இப்போது கேளுங்கள். உங்கள் சக்கரம் உதவாது. ரப்பர் ரொம்ப மிருது. கத்தியை வைத்ததும் பெல்ட் ரப்பருக்குள் அமுங்குகிறது. அதன் ஓரம் மடிந்து கத்திமேல் ஏறுகிறது. நீங்கள் மெச்சினீர்களே, அந்தத் தொடக்கக் கோடு, அது வெயிலில் வைத்த மெழுகாகக் கரைந்துபோகிறது. கத்திமுனை உருண்டுபோகிறது. இது எல்லாம்கூடப் பரவாயில்லை. மிருதுவான ரப்பரில் பெல்ட் இரும்பைப் பிடிப்பதே இல்லை, அதனால் நான் இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது. என் கை நோகக் கூடாது என்று நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த மெத்தைதான் என் கையைப் படுத்துகிறது.

ஆனால் சக்கரம் துளிகூட ஆடவில்லை. ரப்பர் ஒட்டிய இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. உங்கள் கைவேலையில் குறை இல்லை. குறை நாற்பது என்ற எண்ணில், அப்புறம் "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதிய என் பேனாவில்.

பதினாறு கத்தியும் வெட்டி, சூடேற்றிக் கடினமாக்கி வைத்திருக்கிறேன். தேய்ப்புதான் பாக்கி. பழைய சக்கரத்தில் ஒரு கத்தி தேய்த்தால் இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. ஜூன் இருபது வருகிறது. அந்த மெஷின் போய்விட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மா

மே 22

சம்பந்தியம்மா,

"பெருமதிப்பிற்குரிய"வை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன். இத்தனை நல்ல திட்டு வாங்கிய பிறகு அது எதற்கு?

தங்கள் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் மாட்டவில்லை. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். "உங்கள் சக்கரம் உதவாது" என்ற வரியைப் படித்தபோது முகம் சுண்டிவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் "துளிகூட ஆடவில்லை" என்ற வரி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏப்ரலில் வந்த புகழ்ச்சி மொத்தத்தையும் தராசில் வைத்தாலும் இந்த ஒரு வரிக்குச் சமமாகாது.

தப்பு என்னுடையதும்தான். கெட்டியாக வைப்பார்கள் என்று தாங்கள் மார்ச்சிலேயே ஜாடையாகச் சொன்னீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் நான், தாராளமாகச் செய்ய வேண்டும் என்ற நினைப்பில் எனக்குத் தெரிந்ததையே செய்தேன், தங்களுக்கு வேண்டியதைக் கேட்கவில்லை.

இத்துடன் மூன்று ரப்பர் துண்டுகள் இருக்கின்றன. ஐம்பத்தைந்து, எழுபது, எண்பத்தைந்து. ஒவ்வொன்றின் மேலும் பெல்ட் துண்டைப் போர்த்தி, கத்தியின் முதுகால் அழுத்திப் பாருங்கள். தங்கள் கை எதைக் கேட்கிறதோ அதைச் சொல்லுங்கள். உடனே எழுதுங்கள், நாள் இல்லை.

சம்பந்தி

மே 26

சம்பந்தி,

எழுபது. ஐம்பத்தைந்து தலையணை, எண்பத்தைந்து கல்.

சம்பந்தியம்மா

ஜூன் 5

சம்பந்தியம்மா,

எழுபது கிளம்பிவிட்டது. பஸ்ஸில் தெரிந்த ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பிக் காத்திருக்க மனசு கேட்கவில்லை. இந்தக் கடிதம் பின்னால் வரும்.

இம்முறை மேஸ்திரியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். மூன்று தடவை வேகவைத்தோம். முதலாவது அறுபத்தாறு, தூக்கிப் போட்டேன். இரண்டாவது ஒரு பக்கம் எழுபது, மறுபக்கம் எழுபத்துமூன்று. "சம்பந்திக்குத்தானே, இது போதாதா?" என்றார் மேஸ்திரி. "அவங்க கத்தியப் பாத்தியா? பாத்துட்டுச் சொல்லு" என்று கத்தியைக் கையில் கொடுத்தேன். பார்த்தவர் நேரே போய் நீராவித் தொட்டியைத் திறந்தார். மூன்றாவதை எந்தப் பக்கம் அழுத்தினாலும் எழுபதுதான்.

பாராட்டு எழுத வேண்டாம். குறை இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ரப்பர் போனால் வேறு ரப்பர் சுற்றலாம். தங்கள் கைக்கு வேறு கை இல்லை.

சம்பந்தி

ஜூன் 19

சம்பந்தி,

குறை முதலில். ரப்பரின் இரண்டு ஓரங்களையும் கத்திபோலக் கூர்மையாகக் கடைந்திருக்கிறீர்கள். முதல் பெல்ட்டின் விளிம்பு அரை மணியில் நார்நாராகப் பிரிந்துவிட்டது. அச்சு உருளைக்கு அது சரியாக இருக்கலாம், இதற்கு ஓரம் கொஞ்சம் உருண்டிருக்க வேண்டும். எமரித் தாளை வைத்து நானே உருட்டிவிட்டேன். குறை அவ்வளவுதான்.

மாட்டி ஓடவிட்டேன். கத்தியை வைத்தேன். சர்ரென்று ஒரே சீராக இரும்பு இறங்கியது. நான் அழுத்தவே இல்லை, பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். வளைவுக்குள் கத்தி தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இடது பக்கம் முடித்து வலது பக்கம் திருப்பினேன். கோடும் கோடும் நேருக்கு நேர் வந்து நின்றன. உள்ளே தட்தட் சத்தம் நின்றுபோனதைக் கேட்டு மகன் பயந்து ஓடி வந்தான். "என்னம்மா ஆச்சு? மெஷின் நின்னுடுச்சா?" என்றான். "ஓடிக்கிட்டுதான்டா இருக்கு, காதைத் தீட்டிக் கேளு" என்றேன்.

நாளுக்கு இரண்டாகப் பதினாறும் முடிந்தன. சாயங்காலம் கை வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்த வலி. நான்காம் நாள் டீத் தம்ளரை இடது கையால் எடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

உங்களுக்கு ஒரு கத்தி தேய்த்திருக்கிறேன். அடுத்த பஸ்ஸில் வரும். தகட்டை வைத்துப் பாருங்கள், பார்க்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். சம்பந்தி, நீங்கள் பெரிய வேலைக்காரர். தொழிலில் இவ்வளவு வருஷம் இருந்துவிட்டு, இன்னொருத்தி சொன்னதைக் கேட்டு, வேகவைத்ததை இரண்டு தடவை தூக்கிப் போடுகிற மனசு என்னிடம் இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். சந்தேகம்தான். இது பொற்கரக் கடிதம் இல்லை, என் எழுத்து.

இன்று காலை கல்லூரிக்காரர்கள் வந்து கத்திகளை எடுத்துப் போனார்கள். அவர்கள் போனதும் மகனைக் கூப்பிட்டேன். "மெஷினைக் கேட்டாரே, அவருக்குப் போன் போட்டு, விக்கறதா இல்லைன்னு சொல்லிடு" என்றேன். அவன் உடனே போனை எடுத்தான். உங்கள் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எதுக்குடி அழறே?" என்று அதட்டினேன்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். நாளைக் காலை புதுக் கத்திக்கு இரும்பு வெட்ட வேண்டும்.

சம்பந்தியம்மா